மண்டலம் மச்சான்

எங்கள் ஊர்ப் பெண்கள் பாட்டில் சாமியைக்கூட விட்டுவைத்ததில்லை. திருப்புல்லாணிக்கு மினி பஸ்ஸில் போகும்போது, அங்கே தர்ப்பைப் புல்லில் படுத்திருக்கும் ராமரை வழியெல்லாம் வம்புக்கு இழுப்பார்கள்.

புல்லுமேல படுத்த சாமி, பொரண்டு படுக்கும் சாமி
பாயி ஒண்ணு வாங்கித்தரப் பக்கத்துல ஆளில்லையா

என்று ஒருத்தி எடுத்துக் கொடுக்க, பஸ் முழுக்கச் சிரிக்கும். கண்டக்டர் டிக்கெட் கிழிக்க மறந்து நிற்பார். கோயில் வாசலில் இறங்கியதும் அதே பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு பயபக்தியாக உள்ளே போவார்கள். இது தப்பு என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மிளகாய்ப் பழம் பறிக்கிற நாட்களில் இந்தப் பாட்டுகள் இன்னும் காரமாக இருக்கும். வெயில் உச்சிக்கு வருவதற்குள் ஊர்த் தலைவர், ரேஷன் கடைக்காரர், புதிதாக மீசை வளர்த்தவர், மாமியாருக்குப் பயந்த மருமகன் என்று எல்லோரும் ஒரு தடவை வறுபட்டுவிடுவார்கள். வரப்பில் நிற்கும் என் அய்யாவையும் விடமாட்டார்கள். அவர் கேட்காத மாதிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டார் ரூம் பக்கம் போய்விடுவார். லீவு நாட்களில் நானும் கூடை எடுத்துக்கொண்டு போவேன். பழம் பறிக்க அல்ல, பாட்டுக்காகத்தான். எனக்குப் பாட்டு வரி கட்டும் சாமர்த்தியம் இருந்தது. ஒரு அக்கா எடுத்த அடிக்கு அடுத்த அடியை நான் போட்டால், "இந்தப் புள்ளைக்கு நாக்குல ஊசி இருக்குடீ" என்பார்கள். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். அவர்களும் பாராட்டாகத்தான் சொன்னார்கள்.

எனக்கு ஒரு அத்தை மகன். அய்யாவின் தங்கை மகன். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். பக்கத்துத் தெரு. மச்சான் முறை என்பதால் எங்கள் பக்கத்தில் அவரை என்ன கேலி வேண்டுமானாலும் செய்யலாம், அதை ஒருவரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவரும் கேலிக்கு முகம் சுளிக்கிற ஆள் இல்லை. நன்றாக வண்டி ஓட்டுவார். சின்ன வயதிலேயே லாரி லைசன்ஸ் எடுத்துவிட்டார்.

எனக்குப் பத்தொன்பது வயதாகும்போது அவருக்கு வளைகுடாவில் டிரைவர் வேலை என்று ஒரு ஏஜென்ட் மூலம் விசா வந்தது. ஊரே கூடி வழியனுப்பியது. கழுத்தில் மாலை போட்டார்கள். அத்தை அழுதுகொண்டே என் அய்யாவிடம், "அவன் ரெண்டு வருசத்துல திரும்பி வாரான் அண்ணே. வந்ததும் ஒம் மகளத்தான் கேப்பேன், இப்பவே சொல்லிப்பிட்டேன்" என்றாள். அய்யா சிரித்துத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்கவில்லை. நான் அப்போது ராமநாதபுரத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மேலே பி.எட். படிக்க வேண்டும் என்று இருந்தேன். ரெண்டு வருசம் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ரெண்டு வருசம் இல்லை, நாற்பத்தைந்தாவது நாளோ நாற்பத்தாறாவது நாளோ, மச்சான் திரும்பி வந்துவிட்டார். கொண்டுபோன பெட்டிகூட இல்லாமல் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை மட்டும். ஆள் கறுத்து, உதடு வெடித்திருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம், "வேல சரியில்ல, வந்துட்டேன்" என்று மட்டும் சொன்னார். வந்த மறுநாளே எங்கேயோ வெளியூர் போனார். எங்கே போனார் என்று நான் விசாரிக்கவில்லை.

அடுத்த வாரம் என் அக்காவுக்குக் கல்யாணம். எங்கள் வீட்டு முற்றத்தில் பந்தல். தாலி கட்டி முடிந்து, பிற்பகலில் நலுங்கு வைக்கிறபோது இரண்டு பக்கத்துப் பெண்களும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் ஏசிப் பாடுவது எங்கள் வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் எங்கள் பக்கத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பதில் பாடிக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் மச்சான் பந்திக்குச் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்து போனார். அவரைப் பார்த்ததும் என் பக்கத்தில் இருந்த ஒரு சின்னம்மா என் விலாவில் இடித்தாள். "எடுத்து விடுத்தா" என்றாள்.

நான் அதை அந்த நிமிடத்தில் கட்டியதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். இல்லை. மூன்று நாட்களாக மனதுக்குள் தட்டிப் பார்த்து, எதுகை சரிபார்த்து வைத்திருந்தேன்.

பிளேனு ஏறிப் போன மச்சான், பெருமையாப் போன மச்சான்
மண்டலம் முடியுமுன்னே வந்ததென்ன மச்சான் – நாங்க
போட்டுவிட்ட மாலகூட வாடலையே மச்சான்

சபரிமலைக்கு மாலை போடுகிறவர்கள்கூட ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், விரதம் இருக்கிறார்கள், இவர் அதுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை என்பது கேலி. பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் அது சட்டென்று பிடிபட்டது. சிரிப்பு எழும்பியது. எதிர்ப்பக்கப் பெண்களும் சண்டையை மறந்து சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அடுத்ததைப் போட்டேன்.

சென்ட்டு பாட்டில் கேட்டிருந்தேன், சீலத்துணி கேட்டிருந்தேன்
கொண்டுபோன பொட்டியவும் விட்டுப்புட்டு வந்தீகளே – அங்க
ஒட்டகந்தான் ஒங்க பொட்டி தூக்கிக்கிட்டுப் போயிருச்சா

மச்சான் வாளியைக் கீழே வைத்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் தைரியம் கொடுத்தது. மூன்று அடி சேர்ந்தது எங்களுக்கு ஒரு வரி; மூன்றாவது வரிதான் நான் ரொம்பப் பெருமைப்பட்டு வைத்திருந்தது.

ஆட்டுக்கறி வேகுமுன்னே ஆத்தா நெனப்பு வந்துருச்சா
அரபிநாட்டு மணலுக்குள்ள அழுது உருண்டு பொரண்டீகளா – எங்க
அத்த மகன் கண்ணுத்தண்ணி அங்க ஒரு கெணறாச்சா

பந்தல் ஆடியது என்றால் மிகையில்லை. ஒரு கிழவர் எழுந்து மச்சானின் தோளைத் தட்டி, "ஏலே, நீ தோண்டுன கெணத்துல இப்ப தண்ணி இனிக்குதாம்ல" என்றார். மச்சான் எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போனார். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. வெற்றிலையை மடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பார்த்தேன். பார்த்தும் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் அன்று சிரிப்புக்காக மட்டும் பாடவில்லை. அவர் இத்தனை சீக்கிரம் திரும்பி வந்ததும் எனக்குள் ஒரு பயம் வந்திருந்தது. அத்தை இனி ரெண்டு வருசம் காத்திருக்க மாட்டாள், கல்யாணப் பேச்சை இப்போதே எடுப்பாள் என்று பயந்தேன். எனக்கு விருப்பமில்லை என்று அய்யாவிடம் நேராகச் சொல்லத் தைரியம் இல்லை. ஊரே பார்த்துச் சிரிக்கும் ஒருவருக்குத் தன் மகளைக் கொடுக்க எந்த அப்பனும் யோசிப்பான் என்று எனக்குத் தெரிந்திருந்தது. யோசித்தார். அத்தையும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. நான் பி.எட். படித்தேன்.

பாட்டு கல்யாணத்தோடு நிற்கவில்லை. அடுத்த பருவத்தில் மிளகாய்த் தோட்டத்தில் பாடினார்கள். சம்பந்தி வீட்டார் அதைத் தங்கள் ஊருக்குக் கொண்டுபோனார்கள். மச்சானுக்கு 'மண்டலம்' என்று பட்டப்பெயர் விழுந்தது. டீக்கடையில், "மண்டலத்துக்கு ஒரு ஸ்ட்ராங் டீ" என்பார்கள். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு பெண் பார்த்து எல்லாம் கூடி வந்தபோது, பெண்ணின் தாய்மாமன், "அந்தப் பாட்டுல வார மாப்பிள்ளையா இது" என்று கேட்டு எழுந்து போனாராம். அதை எங்கள் வீட்டில் அம்மா சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அந்த மாதமே என் தோழி ஒருத்தி கல்யாணத்தில் அதைப் பாடச் சொன்னார்கள், பாடினேன். இரண்டு முறை பாடினேன்.

அவருக்குக் கல்யாணம் ஆகும்போது வயது முப்பத்தாறு. இப்போது சொந்தமாக ஒரு வேன் வைத்திருக்கிறார். ராமேஸ்வரம் வரும் யாத்திரைக்காரர்களைத் தனுஷ்கோடி வரை கூட்டிக்கொண்டு போய் வருவதுதான் தொழில். ஒரே மகள். நான் ராமநாதபுரத்தில் ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியை. அவர் மகள் அதே பள்ளியில் நான்காம் வகுப்பில் படிக்கிறாள்.

ஆண்டு விழாவுக்கு ஒரு மாதம் முன்னால், நான்காம் வகுப்பு ஆசிரியை என்னிடம் வந்தாள். சாயல்குடிப் பக்கத்திலிருந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண். சுறுசுறுப்பானவள்.

"அக்கா, எங்க பிள்ளைகளுக்கு நாட்டுப்புறப் பாட்டு ஒண்ணு எடுத்திருக்கேன். எங்க ஊர்ப் பக்கம் களையெடுக்கையில பாடுவாக. ரொம்பப் பழசு. நீங்க கேட்டுட்டு வரி சரியான்னு சொல்லுங்க" என்றாள். ஸ்டாஃப் ரூமில் மேசையைத் தட்டிப் பாடிக் காட்டினாள். பிளேனு ஏறிப் போன மச்சான்.

எனக்கு என்ன தோன்றியது என்பதை இப்போது எழுதுவதற்கே கை கூசுகிறது. எனக்குப் பெருமையாக இருந்தது. நான் கட்டிய பாட்டு ஊர் ஊராகப் போய், யார் கட்டியது என்று தெரியாத அளவுக்குப் பழசாகி, என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. தமிழ் படித்தவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இரண்டு இடத்தில் சொல் மாறியிருந்தது. அதைத் திருத்திக் கொடுத்தேன். மெட்டையும் கொஞ்சம் சரிசெய்தேன். "இது எனக்குத் தெரிஞ்ச பாட்டுதான்" என்று மட்டும் சொன்னேன்.

மச்சான் மகள் அந்த வகுப்பில் இருக்கிறாள் என்பது எனக்கு நினைவில்லாமல் இல்லை. அவள் பத்தோடு பதினொன்றாகக் கும்பலில் நிற்பாள் என்று நினைத்தேன். ஒத்திகை பார்க்கப் போனபோதுதான் தெரிந்தது, வகுப்பிலேயே உயரமானவள் என்று அவளுக்கே மச்சான் வேடம் கொடுத்திருந்தார்கள். லுங்கி கட்டி, தலையில் துண்டு சுற்றி, கையில் ஒரு அட்டைப்பெட்டியோடு நடந்து வந்தாள். அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. மற்ற பிள்ளைகளைவிட அவள் நன்றாக நடித்தாள், அதுதான் காரணம். பாட்டு நன்றாக வர வேண்டும் என்று எனக்கு இருந்தது.

விழா அன்று சாயங்காலம் மைக் பிடித்தது நான்தான். "அடுத்து, நம் மண்ணின் பாரம்பரிய நாட்டுப்புறப் பாடல். எழுதியவர் பெயர் தெரியாது. தலைமுறை தலைமுறையாக நம் பெண்கள் வயல்காட்டில் பாடி வந்தது" என்று அறிவித்தேன். அறிவித்துவிட்டுக் கீழே பார்த்தேன். மூன்றாவது வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலியில், மச்சான் தன் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். மேடைக்கு நேராகப் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுக்கத் தயாராக இருந்தார்.

பாட்டு ஆரம்பித்தது. சபையில் பாதிப் பேருக்குப் பாட்டு தெரியும் போலிருந்தது, கை தட்ட ஆரம்பித்தார்கள். மகள் மேடையில் வந்ததும் மச்சான் இன்னும் கொஞ்சம் கையை உயர்த்தினார். முதல் வரிக்குக் கை இறங்கவில்லை. பெட்டி வரிக்கும் இறங்கவில்லை. மூன்றாவது வரி வந்தது. பிள்ளை அட்டைப்பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, மேடையில் உருண்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்து, அந்தத் துண்டைப் பிழிந்து காட்டினாள். பிழிகிற யோசனை யாருடையது என்று தெரியவில்லை. சபை வெடித்துச் சிரித்தது. விசில் பறந்தது.

அப்போது அவர் கை கீழே இறங்கியது. போன் மடிக்கு வந்தது. அவர் மேடையைப் பார்க்கவில்லை, முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு மேடை ஓரத்தில் நின்றேன். ஒரு சில நொடிகள்தான். பிறகு மறுபடியும் போனைத் தூக்கினார். மகள் கடைசியாகக் கும்பிடுவதை அவர் எடுத்துவிட்டார்.

விழா முடிந்து பெற்றோர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் இடத்தில் நான் நிற்க வேண்டியிருந்தது. அவள் மீசை மையோடு ஓடிவந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா, நல்லா அழுதேனா?"

"நல்லா அழுத தாயி."

"ஒங்களுக்குச் சிரிப்பு வந்துச்சா?"

"வந்துச்சு. ரொம்ப வந்துச்சு."

அவர் மனைவி என்னை ஒரு தடவை பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அந்தப் பார்வையில் இருந்தது. மச்சான் மட்டும் எப்போதும் போல, "வாரேன்த்தா, வீட்டுல எல்லாத்தையும் கேட்டதாச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் முழுக்க என் வீட்டுக்காரரிடம்கூட என்ன விஷயம் என்று சொல்ல முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் பிடித்து ராமேஸ்வரம் போனேன். மச்சான் தனுஷ்கோடியில் இருப்பதாக வேன் ஸ்டாண்டில் சொன்னார்கள். இன்னொரு வேனில் ஏறிப் போனேன். வண்டிகள் நிற்கும் இடத்தில், யாத்திரைக்காரர்களைக் கடலில் கால் நனைக்க இறக்கிவிட்டுவிட்டு, அவர் வேன் நிழலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"என்னத்தா, இங்கன? வீட்டுல ஏதும் ஆகிப்போச்சா?"

"ஒண்ணுமில்ல மச்சான். ஒங்களத்தான் பாக்க வந்தேன்."

அவருக்குப் புரிந்துவிட்டது. வேனுக்குள் இருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். இருவரும் வேன் படியில் உட்கார்ந்தோம். காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்தது. நான் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அங்க என்ன நடந்துச்சு மச்சான்?" என்று கேட்டேன். இருபது வருடங்களுக்கு மேல் கழித்து, முதல் தடவையாக அவரிடம் அதைக் கேட்டேன்.

அவர் சுண்டல் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"டிரைவர் வேலன்னு சொன்னாக. இறக்கிவிட்டது ஆட்டுப் பண்ணையில. சுத்தி மணலு, வேறொண்ணும் கெடையாது. பாஸ்போர்ட்ட வாங்கிக்கிட்டாக. அங்க ஏற்கனவே ஒருத்தர் இருந்தாரு, தஞ்சாவூர்ப் பக்கம். வந்து மூணு வருசமாம். நாலு நாளைக்கு ஒரு தடவ தண்ணி லாரி வரும். மொதல்ல ஆட்டுக்கு. மிச்சந்தான் எங்களுக்கு."

நான் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டேன்.

"அவருக்குக் காய்ச்சல் வந்துச்சு. ஒருத்தனும் வரல. நாந்தான் துணிய நனச்சுப் போட்டுக்கிட்டு இருந்தேன். ஒரு நாக் காலையில பாக்குறேன், போயிட்டாரு. தண்ணி லாரி வார வரைக்கும் ஒன்றர நாளு அவரு பக்கத்துலயே உக்காந்திருந்தேன். லாரிக்காரன் போயிச் சொல்லி ஆளு வந்து எடுத்துக்கிட்டுப் போனாக. அன்னைக்கே நடந்துட்டேன். பொட்டியாவது ஒண்ணாவது. ரெண்டு நாளு நடந்து ஒரு ரோட்டப் பிடிச்சேன். ஒரு பலசரக்குக் கடையில போயி விழுந்தேன். கடைக்காரரு கீழக்கரை ஆளு. நான் முனகுனதக் கேட்டு, 'தம்பி, எந்த ஊரு நீங்க'ன்னாரு. அவருதான் சோறு போட்டு, எம்பஸிக்குக் கூட்டிக்கிட்டுப் போயி, ஊருக்கு அனுப்புனாரு."

"வந்த மறுநாளு எங்கயோ போனீகளே?"

"அந்தத் தஞ்சாவூர்க்காரரு வீட்டுக்கு. அவரு பையில இருந்த போட்டோவும் துணியும் எங்கிட்ட இருந்துச்சு. அதக் குடுத்துட்டு, நடந்ததச் சொல்லிட்டு வந்தேன். அவரு மக ஒன் வயசு. என் காலப் பிடிச்சுக்கிட்டு விடல. அங்கருந்து நேரா ஒங்க அக்கா கல்யாணத்துக்குத்தான் வந்தேன்."

நான் தலையைத் தூக்கவில்லை.

"கல்யாணம் முடியட்டும், மாமாகிட்ட ஒக்காந்து எல்லாத்தையும் சொல்லணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள பாட்டு வந்துருச்சு. அதுக்கப்புறம் எதச் சொன்னாலும், கேலிக்குப் பயந்து கத கட்டுறான்னுதான் நெனப்பாக. நானும் விட்டுட்டேன்."

நான் அழுதேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு பக்கம் திரும்பிக்கொள்ளவும் இல்லை, தேற்றவும் இல்லை. கல்யாணப் பேச்சுக்குப் பயந்துதான் அந்தப் பாட்டைக் கட்டினேன் என்பதையும் சொல்லிவிட்டேன். அதை அவரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"அது தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"எனக்குக் கட்டிவச்சிருவாகன்னு பயந்து நீ மூணு நாளா முணுமுணுத்துக்கிட்டுத் திரிஞ்சத ஒங்க அக்காதான் எங்க அம்மாகிட்டச் சொல்லுச்சு. எங்கிட்டப் பிடிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நானே வேணாமுன்னுருப்பேன்."

"நான் பள்ளிக்கூடத்துல சொல்லிர்றேன் மச்சான். அது பழைய பாட்டு இல்ல, நாந்தான் கட்டுனேன்னு எல்லாத்துக்கிட்டயும் சொல்லிர்றேன். இனிமே அதப் பாட வேணாம்னும் சொல்லிர்றேன்" என்றேன்.

அவர் முகம் மாறியது. அன்று அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

"அந்த வேல வேணாம். பழைய பாட்டாவே இருக்கட்டும். பழைய பாட்டுன்னா அது யாரையோ பாடுனது. நீ கட்டுனதுன்னு சொன்னா, யாரப் பாத்துக் கட்டுனன்னு அடுத்த நிமிசம் கேப்பாக. எம் மக கேப்பா."

யாத்திரைக்காரர்கள் ஈரக் காலோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அவர் எழுந்து வேன் கதவைத் திறந்தார். "அவ வீட்டுல கண்ணாடி முன்னாடி அதத்தான் ஆடிக்கிட்டு இருக்கா. ஆடட்டும்" என்றார். என்னையும் அதே வேனில் ராமேஸ்வரம் வரை கொண்டுவந்து விட்டார்.

மன்னிப்புக் கேட்கப் போன நான் கேட்டேனா என்பதே எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அழுதது நினைவிருக்கிறது. அந்த வார்த்தையைச் சொன்னது நினைவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் வெட்கத்தோடு வெட்கமாக இன்னொன்றும் இருந்தது. ஊரறியச் சொல்ல வேண்டாம் என்று அவர் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது. அவர் மகளுக்காகச் சொன்னதன் நிழலில் நானும் ஒதுங்கிக்கொண்டேன்.

பள்ளியில் அந்தப் பாட்டை மாவட்ட அளவுப் போட்டிக்கு அனுப்புவதாக முடிவு செய்தார்கள். நான் அந்தச் சாயல்குடிப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, "மூணாவது வரி மட்டும் வேணாம்மா, எடுத்துரு" என்றேன்.

"ஏன்க்கா? அங்கதான எல்லாரும் சிரிக்கிறாக."

"அம்மா நெனப்புல அழறத நக்கல் பண்ற மாதிரி இருக்கு. நடுவர்களுக்குப் பிடிக்காது."

"நாட்டுப்புறப் பாட்டுன்னா அப்பிடித்தானக்கா இருக்கும்" என்றாள். ஆனாலும் நான் மூத்தவள் என்பதால் மறுக்கவில்லை. அந்த வரியை எடுத்துவிட்டுப் புதிதாக ஒத்திகை பார்த்தார்கள். மச்சான் மகளுக்கு அதில் பெரிய வருத்தம். எனக்கு எதிரே வந்தபோது, "நீங்கதான் எடுக்கச் சொன்னீங்களாமே அத்தை?" என்று கேட்டாள். பள்ளிக்குள் என்னை மிஸ் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பதையும் மறந்து கேட்டாள். "பாட்டு நீளமா இருக்குல்ல கண்ணு" என்றேன்.

போட்டி மதியத்தில் நடந்தது. நானும் துணைக்குப் போயிருந்தேன். மண்டபம் நிறையப் பல பள்ளிப் பிள்ளைகள். எங்கள் பிள்ளைகள் இரண்டு வரியையும் ஆடி முடித்தார்கள். கைதட்டல் சுமாராக இருந்தது. கும்பிட்டுவிட்டு உள்ளே போக வேண்டிய இடத்தில் அவள் போகவில்லை. மேடை நடுவில் நின்று, பெட்டியைத் தூக்கி எறிந்து, துணைப் பாட்டு இல்லாமல், தனியாக, சொந்தக் குரலில் எடுத்தாள். ஆட்டுக்கறி வேகுமுன்னே. மற்ற பிள்ளைகள் திகைத்து நின்று, பிறகு அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவள் உருண்டாள், புரண்டாள், துண்டைப் பிழிந்தாள். மண்டபம் குலுங்கியது. நடுவர்களில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதல் பரிசு எங்களுக்குத்தான்.

மச்சானுக்குப் போன் செய்து நான்தான் சொன்னேன். வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் ஓரம் கட்டினார்.

"மொதப் பரிசா?"

"ஆமா மச்சான்."

"அந்த வரியவும் பாடுச்சாக்கும்?"

"எடுக்கச் சொல்லிருந்தேன். அவளாப் பாடிட்டா."

"சரி. பிள்ளைக்குப் பிரியாணி வாங்கிக் குடு, நான் வந்து தாரேன்" என்றார்.

அவரிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. அவள் அந்தத் துண்டைப் பிழிந்தபோது, தண்ணி லாரியும், தஞ்சாவூர்க்காரரும், வெடித்த உதடும் எல்லாம் தெரிந்திருந்தும், மண்டபத்தோடு சேர்ந்து நானும் சிரித்துவிட்டேன். வாயைப் பொத்திக்கொள்வதற்குள் சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த வேறு பள்ளி ஆசிரியை என் தொடையைத் தட்டி, "என்ன பாட்டுங்க இது, யாரு கட்டுனாகளோ" என்றார். நான் தெரியவில்லை என்று சொன்னேன்.